உக்காந்தா ஒரு ரேட்டு, நின்னா ஒரு ரேட்டு

மராட்டி ஊரு கசார்வாடியில, பொழைக்க வந்த நாங்க குடிக்கிற கடையில ரெண்டு ரேட்டு. நாற்காலியில உக்காந்து குடிச்சா ஒரு ரேட்டு. கவுண்டர்ல நின்னுகினு குடிச்சா ஒரு ரேட்டு. அதே பாட்டிலு, அதே கிளாஸு, அதே தண்ணி. குண்டி நாற்காலியில பட்டா மட்டும் விலை ஏறிக்கும். ஒலகத்துலயே குண்டிக்கு வாடக கேக்குற ஒரே எடம் இதான்னு நான் வூட்ல சொன்னேன். "பஸ்ஸுலயும் அப்படித்தான், நீ டிக்கெட் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்"னா என் வூட்டுக்காரி.

அங்கெல்லாம் கடை வாசல்ல பர்மிட் ரூம்னு எழுதியிருப்பாங்க. குடிக்கிறவன் சர்க்காரு கிட்ட ஒரு பர்மிட் வாங்கி வெச்சிருக்கணுமாம். எனக்கு ரொம்ப வருசம் அது தெரியாது. நான் படிச்சது மூணாங்கிளாஸ். அதுலயும் வாத்தியாரு மாத்தலாகிப் போன அவசரத்துல என்னையும் பாஸ் போட்டுட்டுப் போயிட்டாரு. பர்மிட்னா ரூமுக்குள்ள நொழையறதுக்கு கடக்காரரு குடுக்கிற அனுமதி போலன்னு நெனச்சி, மொத நாளு வாசல்லயே கைய கட்டிகினு நின்னு "உள்ள வரலாமா சார்?"னு கேட்டேன். வெயிட்டரு என்ன பிச்சக்காரன்னு நெனச்சி ஜோப்புல சில்ற தேடுனான். தேடி எடுத்தும் குடுத்தான். நான் வாங்கிகினேன்.

வேல எனக்கு ஹைவேக்கு உள்ளாற ஒரு ஷெட்டுல. பவுடர் கோட்டிங். ஸ்கூட்டரு பார்ட்டு, பேன் மூடி, கம்பி, கிம்பி எல்லாத்தையும் கொக்கியில மாட்டி, கலரு பவுடரு அடிச்சி, பெரிய ஓவன்ல வெச்சி வேக உடுவோம். ரொட்டி சுடுற மாதிரி தான், தின்ன முடியாது, அவ்வளவு தான் வித்தியாசம். நான் வூட்டுக்கு வந்து மூக்கு சிந்துனா அன்னைக்கு இன்னா கலரு ஓடுச்சின்னு வூட்டுக்காரி சொல்லிடுவா. மொத ஷிப்டு மூணரைக்கு உட்டா நேரா கடைக்கு. வெயிலு நல்லா அடிச்சிகினு இருக்கும். பட்டப் பகல்ல குடிக்கிறான்னு ஊரு பேசும். விடியறதுக்கு முன்னாடி எழுந்து வேலைக்கு போறவனுக்கு அது தான் சாயங்காலம்னு ஊருக்கு யாரு சொல்றது?

கடை முதலாளி கடலோரக் கர்நாடகத்து ஆளு. மராட்டிக்காரங்க அவர அண்ணான்னு கூப்டுவாங்க. எங்களையும் அண்ணான்னு தான் கூப்டுவாங்க. வாசல்ல ஒருத்தன் அண்ணான்னு கத்துனா கடையில பாதிப் பேரு திரும்புவோம். அதனால நாங்க அவர சேட்டுன்னோம். எங்க கிட்ட தமிழ் பேசுவாரு. அவரு தமிழும் என் இந்தியும் ஒரே ஆஸ்பத்திரியில பக்கத்து பக்கத்து கட்டிலு. ரெண்டுமே பொழைக்காது, ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு ஆறுதல்.

இப்ப மாமாவச் சொல்லணும். மாமா எனக்கு ஒறவு இல்ல. ஆரணிப் பக்கம் எங்க ஊருக்கு அடுத்த ஊருக்காரரு, என்னவிட நாலஞ்சு வயசு பெரியவரு. அந்தப் பக்கத்துல அது போதும் மாமான்னு கூப்ட. பிம்ப்ரி தாண்டி ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில ப்ரெஸ் ஓட்டினு இருந்தாரு. செவந்த இரும்ப இடுக்கியில புடிச்சி அடி வாங்க வெக்கிற வேல. ஒரு நாளு லோடு டிராலி ஒண்ணு பின்னால உருண்டு வந்து வலது முட்டிய செவுத்தோட வெச்சி நசுக்கிடுச்சி. கம்பெனி ஏதோ குடுத்து அனுப்பிடுச்சி. அப்பால ஹைவே ஓரமா இன்னொருத்தரோட எஸ்டிடி பூத்ல உக்காந்தாரு. பேசுறவங்க எவ்வளவு பேசுறாங்களோ அதுல இவருக்கு ஒரு பங்கு. காலையில இருந்து நாலு மணி வரைக்கும் இவரு, அப்பால பூத்துக்காரரே வந்துடுவாரு.

நடப்பாரு. நொண்டி நொண்டி எங்க வேணா போவாரு. ஆனா நிக்க முடியாது. கொஞ்ச நேரம் நின்னாருன்னா முட்டி வீங்கி பூசணிக்கா மாதிரி ஆயிடும்.

அவருக்கு ஒரு வீம்பு. அடுத்தவன் துட்டுல குடிக்க மாட்டாரு. கால் போயி ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப நான் ஒரு டீ வாங்கி குடுத்தேன். எழுந்து நடந்த மொத நாளு, எனக்கு டீ வாங்கி குடுக்கத் தான் நடந்தாரு.

வூட்ல அவரு கால் போன மனுசன். புள்ளைங்க முன்னால நாற்காலிய இழுத்துப் போடும், பொண்டாட்டி பையப் புடுங்கிக்கும். பூத்ல அவரு போன் அண்ணா. சேட்டு கடையில மட்டும் தான் அவரு ப்ரெஸ் ஓட்டுன ஆளு. அங்க நாங்க யாரும் கால் எப்படி இருக்குதுன்னு கேக்க மாட்டோம். "சீக்கிரம் வாயேன்யா, பொண்ணு பாக்கவா வர?"ன்னு தான் கத்துவோம். அவரும் என் மூக்கு கலர பாத்து, "இன்னைக்கு நீல மூக்கு வந்துட்டான், நரிக்குப் பொறந்தவன்"ம்பாரு. அந்த ஒரு மணி நேரம் தான் அவருக்கு. தமிழ்ல கெட்ட வார்த்த பேசி, கெட்ட வார்த்த வாங்குற ஒரு மணி நேரம். அது இல்லன்னா மாமா இல்ல. எனக்கு அது அப்பவே தெரியும். எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம், அதுல இது ஒண்ணு.

தொண்ணூறுகள்ல விலை ஏற ஆரம்பிச்சிது. சர்க்காரு பட்ஜெட்டு போட்டா எங்க கிளாஸுல தான் மொதல்ல கைய வெக்கும். அரிசி ஏறுனா ஊர்வலம் போறாங்க, வெங்காயம் ஏறுனா பேப்பர்ல போடுறாங்க. சாராயம் ஏறுனா ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது, தொறந்தா வாசன வரும். அது தெரிஞ்சி தான் ஏத்துறாங்க.

இன்னொரு கூத்து. அதே வருசங்கள்ல போன் பேசுற விலை எறங்கினே இருந்துச்சி. மொதல்ல ராத்திரி பேசுனா கம்மின்னாங்க, அப்பால எப்ப பேசுனாலும் கம்மின்னாங்க, ரெண்டாயிரம் பொறந்தப்புறம் எல்லாரும் கையில ஒரு போன வெச்சிகினு பூத்து வாசல்ல நின்னே பேசுனாங்க. உள்ள மாமா உக்காந்து பாத்துகினு இருந்தாரு. பூத்ல வரவு எறங்குது, கடையில விலை ஏறுது. ரெண்டுக்கும் நடுவுல என் மாமா.

சேட்டும் சும்மா இல்ல. தரைக்கு டைல்ஸ் போட்டாரு. மாடியில ஏசி ஹாலு. கீழ ஹால்ல பழைய இரும்பு நாற்காலியத் தூக்கிட்டு சிவப்பு மெத்த வெச்ச நாற்காலி போட்டாரு. சக்னான்னு ஓசியில ஒரு தட்டு வெப்பாங்க, வேக வெச்ச கொண்டக்கடல, வெள்ளரி, மொளகட்டுன பயிறு. அந்தக் கடல கொறஞ்சி கொறஞ்சி ஒரு நாளு தட்டுல கடலைங்க ஒண்ணு ஒண்ண தேடுச்சி. வெள்ளரித் துண்டு அவ்வளவு மெல்லிசு, அது வழியா பாத்தா சேட்டு தெரிவாரு.

அப்ப தான் உக்காந்த ரேட்ட ஏத்துனாரு. நின்ன ரேட்டு அப்படியே. சிவப்பு மெத்தைக்கு யாரு துட்டு குடுக்கிறதுன்னாரு.

எங்க ஆளுங்க எல்லாம் எழுந்து கவுண்டருக்கு வந்துட்டோம். எனக்கு இன்னா, நாளெல்லாம் கொக்கியில மாட்டிகினே நிக்கிறவன், இன்னும் கொஞ்சம் நிப்பேன். மாமாவும் வந்து நின்னாரு. ரெண்டு கையையும் கவுண்டர் மேல ஊனிகினு, சிரிச்சிகினு, வேர்த்துகினு நின்னாரு. மறு நாளும் நின்னாரு. பேச்சு கொறஞ்சி போச்சி. கெட்ட வார்த்தையே வரல. அதுக்கு மறு நாளு ஆளக் காணோம். அப்பால வரவே இல்ல.

பூத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு உள்ளார உக்காந்து ஒரு பழைய பேப்பர விசிறிகினு இருந்தாரு.

"இன்னா மாமா, ஆளையே காணோம்?"

"வயிறு சரியில்ல."

"வயிறு சரியில்லன்னா தான நீ ஜாஸ்தி குடிப்ப?"

"போடா, கஸ்டமரு நிக்கிறாங்க."

திரும்பிப் பாத்தேன். ஒரு எருமை நின்னுகினு இருந்துச்சி.

"யாருக்குப் போன் போடணுமாம் அதுக்கு?"

அவரு சிரிக்கல. அப்ப தான் எனக்கு பக்குன்னுச்சி. மாமா என் ஜோக்குக்கு சிரிக்க மாட்டாரு, அது வழக்கம் தான், ஆனா பதிலுக்குத் திட்டுவாரு. திட்டவும் இல்ல.

"உக்காரு மாமா நாற்காலியில. மேல ஆவுற துட்ட நான் போடறேன்."

"போடு. அப்படியே ஒரு சட்ட எடுத்துக் குடு. தலைக்கு எண்ண வெச்சி வகிடு எடுத்து உடு. சாயங்காலம் கையப் புடிச்சி வூட்ல கொண்டு போயி உடு."

"அப்ப இன்னா தான் பண்ணப் போற?"

"இன்னா பண்றது? உக்காரத் துட்டு இல்ல, நிக்க முட்டி இல்ல. படுத்துகினு குடிக்க ரேட்டு போட்டிருக்கானா கேளு, வரேன்."

எனக்கு கோவம் வந்துடுச்சி. எனக்கு கோவம் வந்தா நான் யோசிக்க மாட்டேன். கோவம் வராதப்பவும் யோசிக்க மாட்டேன், அது வேற. நேரா கடைக்குப் போனேன்.

"சேட்டு, மாமாவ உக்கார வெச்சி நின்ன ரேட்டு போடு. அவருக்கு கால் இல்ல, உனக்கே தெரியும்."

சேட்டு கெட்டவரு இல்ல. தலையச் சொறிஞ்சாரு. "நான் போடும். ஆனா நாளைக்கி எல்லாரும் நொண்டினு வரும். அப்போ நான் என்னா செய்யும்?"

அப்படியெல்லாம் வர மாட்டாங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். எனக்குப் பக்கத்துல நின்னுகினு இருந்த ரிக்ஷாக்காரன், நல்லா கல்லு மாதிரி இருக்கிற மராட்டிக்காரன், அதுக்குள்ள குனிஞ்சி முட்டியத் தடவ ஆரம்பிச்சிட்டான்.

"பாரு," ன்னாரு சேட்டு. "நிக்கிறவனுக்கு நிக்கிற ரேட்டு. நாற்காலி என்து. என் நாற்காலியில உக்காந்தா என் ரேட்டு."

"நாற்காலி உன்து," ன்னேன்.

"என்து."

"சரி."

எங்க ஷெட்டுக்கு அடுத்தாப்புல ஃபேப்ரிகேசன் கடை. அங்க வெல்டரு ஒருத்தன், என் கூட்டாளி. அவன் கிட்ட போயி, கவுண்டரு உசரத்துக்கு ஒரு ஸ்டூலு வேணும்னேன். அவன் தூக்கிப் போட்ட குழாயி, எங்கியோ ஒடஞ்ச, இரும்ப கவ்விப் புடிக்கிற வைஸோட பெரிய ஸ்க்ரூ, மேல ஒரு வட்டத் தகடு, எல்லாம் சேத்து ஒட்டிக் குடுத்தான். நல்ல வேலக்காரன். ஸ்க்ரூவ திருப்புனா ஸ்டூலு ஏறும், எறங்கும். மாமா உசரத்துக்கு சரி பண்ணிக்கலாம். எனக்கே உக்கார ஆசையா இருந்துச்சி. முழுசா மேல ஏத்தி உட்டு, ராஜா மாதிரி உக்காந்து பாத்தேன்.

அத அப்படியே எடுத்துனு போயிருக்கலாம். நான் தான் கலைஞனாச்சே. துருப் புடிச்ச குழாயில மாமாவ உக்கார வெப்பேனா? அன்னைக்கு ஷெட்டுல ஓடுனது கிளிப்பச்ச. சூப்பர்வைசரு டீ குடிக்கப் போன நேரத்துல ஸ்டூல கொக்கியில மாட்டி, மூல முடுக்கு உடாம பவுடரு அடிச்சி, ஓவன்ல தள்ளிட்டேன்.

எங்க வேலையில மொத நாளே சொல்லித் தர்ற பாடம் ஒண்ணு கீது. ஸ்க்ரூ, மரை, ஓட்டை எதுவா இருந்தாலும் ரப்பர் அடப்பான் வெச்சி மூடிட்டுத் தான் பவுடரு அடிக்கணும். மூடலன்னா பவுடரு மரைக்குள்ள போயி வெந்து கெட்டியாயிடும், அப்பால அத எவனும் திருப்ப முடியாது. புதுசா வர்ற பசங்களுக்கு அதச் சொல்லிக் குடுக்கிறதே நான் தான். அடப்பான் வெக்காதவன பேரு வெச்சி கூப்டாம கழுதன்னு கூப்டறதும் நான் தான்.

வெளிய வந்துச்சி ஸ்டூலு. தளதளன்னு கிளிப்பச்ச. கீழ எறக்கலாம்னு திருப்புனேன். நகரல. ஸ்பானரு போட்டேன். சுத்தியால தட்டுனேன். வெல்டரு வந்து பாத்தான். தடவிப் பாத்தான். "அடப்பான் வெச்சியா?"ன்னான். நான் மேல பாத்தேன். அவன் கீழ குந்திகினு வவுத்தப் புடிச்சிகினு சிரிச்சான். நான் ஆசைக்கு உக்காந்து பாத்த அதே உச்சியில ஸ்டூலு வெந்து நின்னுடுச்சி. உக்காந்தா எனக்கே காலு தரைக்கு ஒரு முழம் மேல தொங்கும். மாமா என்னவிட குள்ளம்.

வேற வழியில்ல, தலையில கவுத்து வெச்சிகினு பூத்துக்குப் போனேன்.

"இது இன்னாடா, கிளிக்கு கூண்டா?"

"உனக்கு நாற்காலி மாமா. சொந்த நாற்காலி. சேட்டு மூஞ்சில கரி."

"எனக்கு வாணாம்."

"குடிக்க வராத. சண்ட போட வா. நான் தனியா போனா அந்தாளு தமிழு பேசியே என்ன தோக்கடிச்சிடுவாரு."

மாமா ஸ்டூலத் தட்டிப் பாத்தாரு. அப்பால கண்ணாடிக் கதவ சாத்துனாரு. குடிக்க கூப்ட்டா வராதவரு, சண்டைக்கு கூப்ட்டதும் பூத்துக்காரரு வர்றதுக்கு முன்னாடியே பூட்டிட்டு வந்தாரு.

கடையில கவுண்டரு ஓரமா ஸ்டூல போட்டேன். ரிக்ஷாக்காரன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மாமாவ தூக்கி மேல வெச்சோம். தேருல சாமிய ஏத்துற மாதிரி. சாமி வாயில இருந்து வந்த வார்த்தைங்கள இங்க எழுத முடியாது. ரெண்டு காலும் ஆத்துல தொங்கப் போட்ட மாதிரி தொங்குது. ஆனா முட்டிக்கு ஒரு பாரமும் இல்ல. மூஞ்சி தெளிஞ்சிது. ஒரு தடவ கடைய சுத்திப் பாத்தாரு.

"சேட்டு, உன் ஃப்ரிட்ஜு மேல செத்த கரப்பான் ஒண்ணு கீது."

சேட்டு ஓடியாந்தாரு. ஸ்டூலப் பாத்தாரு, மாமாவப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "இது என்னா?"

"நைன்டி ஒண்ணு. நின்ன ரேட்டு," ன்னாரு மாமா.

"உக்காந்திருக்கு!"

"உன் நாற்காலி இல்லயே சேட்டு," ன்னேன் நான். "உன் மெத்த இல்ல. வெயிட்டரு கொண்டாந்து தரல, கவுண்டர்ல தான் வாங்குறாரு. அவரு குண்டி எங்க இரும்பு மேல கீது. அதுக்கு நீ எப்படி வாடக கேப்ப?"

"என் நாற்காலி, உன் நாற்காலின்னு பேச்சே இல்ல அண்ணா. உக்காந்தா உக்காந்த ரேட்டு. நின்னா நின்ன ரேட்டு. இவரு உக்காந்திருக்கு." சேட்டு எல்லாரையும் பாத்து இந்தியில கேட்டாரு, இவரு உக்காந்திருக்காரா இல்லையான்னு.

கடையே மாமாவ திரும்பிப் பாத்துச்சி. மெய்யாலுமே உக்காந்து தான இருக்காரு. மாமா கிளாஸுக்கு நீட்டுன கைய இழுத்து மடியில வெச்சிகினாரு. எறங்கப் போறாருன்னு தெரிஞ்சிது.

சேட்டு மாமா பக்கத்துல வந்து நின்னுகினு பேசறாரு. பேசறப்ப கழுத்த பின்னால சாச்சி, மோட்டுவளையப் பாக்கிற மாதிரி பேசறாரு. அப்ப தான் எனக்கு அது கண்ணுல பட்டுச்சி.

"சேட்டு, உன் ஆயுசுல உக்காந்தவன் எவனையாவது அண்ணாந்து பாத்திருக்கியா?"

"என்னா?"

"இப்ப நீ அண்ணாந்து பாக்கிற. நாங்க எல்லாரும் நிக்கிறோம், எங்க எல்லாரவிடவும் அவரு தல மேல கீது. நிக்கிறவனவிட ஒருத்தன் ஒசரமா இருந்தா அவன் எப்படி உக்காந்தவன் ஆவான்?"

சேட்டு வாயத் தொறந்தாரு. ரிக்ஷாக்காரன் மாமாவ மேலயும் கீழயும் பாத்துட்டு, நீதிபதி மாதிரி, "உபாச் ஆஹே," ன்னான். நின்னுகினு தான் இருக்காருன்னு அர்த்தம். பின்னால இருந்த ஆளுங்களும் "உபா, உபா"ன்னு கத்துனாங்க. ஸ்டூலு மட்டும் சரியா எறங்கியிருந்தா அன்னைக்கே தோத்திருப்போம். ஒழுங்கா வேல செய்றவனுக்கு இந்த மாதிரி ஜெயிக்கிற யோகமெல்லாம் கெடையாது.

சேட்டுக்கு சிரிப்பு வந்துடுச்சி. அடக்கப் பாத்தாரு, முடியல. தொண்ணூறு மில்லிய ஊத்தி மாமா கைக்கு எட்ற மாதிரி தூக்கிக் குடுத்தாரு. மாமா ஒரு வாயி குடிச்சிட்டு என்னப் பாத்து, "பச்ச மூக்கா, இத எறக்கி வெக்க உனக்கு துப்பு இல்லையா?"ன்னாரு. எனக்கு அது போதுமா இருந்துச்சி.

ஆனா முதலாளின்னா முதலாளி தான். தூங்கி எழுந்ததும் சிரிப்பு போயிடும். கொஞ்ச நாள்ல கவுண்டருக்கு மேல புது பலக மாட்டுனாரு. நின்ன ரேட்டு கெடையாது. நின்னாலும் உக்காந்தாலும் ஒரே ரேட்டு. அது உக்காந்த ரேட்டு.

"லைசென்சு துட்டு ஏறிடுச்சி அண்ணா. டாக்சு ஏறிடுச்சி. நான் எங்கே போகும்?" ன்னாரு.

மாமா ஸ்டூல்ல இருந்து சொன்னாரு: "உனக்கு ஏத்துனவன் கிட்ட நீ சண்ட போடு சேட்டு. எங்களுக்கு ஏத்துனவன் கிட்ட நாங்க போடறோம். அவனவன் சண்ட அவனவனுக்கு."

வெளிய வந்ததும் எல்லாரும் வேற கடை பாக்கலாம்னாங்க. ஹைவே தாண்டி ஒரு கடை கீது, ரேட்டு கம்மின்னாங்க. மாமாவால அந்த ரோட்ட தாண்ட முடியாது. லாரிங்க வர்ற வேகத்துக்கு எனக்கே குலை நடுங்கும். மாமா தான் மொதல்ல சொன்னாரு.

"எதுக்குடா வேற கடை? ஒரே ரேட்டுன்னு அவரே போட்டுட்டாரு. அப்ப எதுக்கு நிக்கணும்? உக்காருங்க."

மறு நாளு நாலு மணி தாண்டுனதும் நாங்க எல்லாரும் உக்காந்தோம். கவுண்டர்ல ஒருத்தன் இல்ல. ரிக்ஷாக்காருங்க, லேத்து பட்டறையில இருந்து எண்ணையோட வந்தவங்க, வெல்டரு, நானு. எல்லா சிவப்பு மெத்தையிலயும் ஒரு உருப்படி. ஆளுக்கு ஒரே ஒரு நைன்டி. அதத் தொட்டுத் தொட்டு நக்கிகினு உக்காந்தோம். சக்னா தீந்தா சக்னா கேட்டோம். தண்ணி தீந்தா தண்ணி. கவுண்டர்ல நிக்கிறவன் மடக் மடக்குனு குடிச்சிட்டு போயிடுவான், அடுத்தவன் வந்து நிப்பான். உக்காந்தவன் எழுந்திருக்கவே மாட்டான். இந்தக் கணக்கு சேட்டுக்கு அன்னைக்கு தான் புரிஞ்சிது. கவுண்டரு தான் அவரு பொழப்பே.

சாயங்காலம் தந்தூரி தின்ன குடும்பம் குடும்பமா வருவாங்க. வந்தாங்க. கதவத் தொறந்து பாத்தாங்க. மாடி ஏசி ஹாலுக்குப் போக வழியும் அது தான், உள்ள ஒரு தொழிற்சாலையே உக்காந்திருந்துச்சி. கதவ மூடிகினு போயிட்டாங்க.

"அண்ணா, எழுந்திரு அண்ணா, கஸ்டமரு வருது."

"நாங்க யாரு சேட்டு, மாப்ள வூட்டுக்காரங்களா? உக்காந்த ரேட்டு குடுத்துட்டோம், உக்காருவோம்."

நான் எழுந்தப்ப மெத்தையில என் குண்டி அச்சு கிளிப்பச்சையில பதிஞ்சி இருந்துச்சி. வேகாத பவுடரு, தட்டுனா போயிடும். ஈரத் துணி போட்டு தேச்சா தான் அப்பிக்கும். சேட்டு ஈரத் துணி போட்டு தேச்சாரு. நான் சொல்லியிருக்கலாம். சொல்லல.

மறு நாளும் உக்காந்தோம். அதுக்கு மறு நாளும். மாமா தான் தலைவரு. வாசலுக்கு நேரா இருந்த மேசையப் புடிச்சிகினு, உள்ள வர்ற ஒவ்வொருத்தனையும் "வா வா, உக்காரு, துட்டு குடுத்து உக்காரு"ன்னு கல்யாண வூட்ல கூப்டற மாதிரி கூப்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள பயம். அந்த ரேட்டுல அவரு ரொம்ப நாளு தாங்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். அந்த வாரம் அவரு மத்தியானம் சாப்புடல. பூத்ல பொட்டலத்தப் பிரிக்காம, ராத்திரி செலவு மிச்சம்னு திருப்பி வூட்டுக்கு எடுத்துகினு போறாருன்னு அவரு பொண்டாட்டி என் வூட்டுக்காரி கிட்ட சொல்லியிருந்தாங்க. சேட்டு மொதல்ல எறங்குவாரா மாமா மொதல்ல எறங்குவாரான்னு தான் பாக்கணும்னு இருந்துச்சி.

சேட்டு எறங்குனாரு. ஞாயித்துக்கிழம மறுபடி ஒரு குடும்பம் வந்து திரும்பிப் போனத பாத்துட்டு, நாற்காலி மேல ஏறி அந்தப் பலகைய அவரே கழட்டுனாரு. எங்களுக்குக் கேக்கட்டும்னே கன்னடத்துல ஏதோ சொன்னாரு. மாமா தமிழ்ல பதிலு சொன்னாரு. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியல, ரெண்டு பேருக்கும் எல்லாம் புரிஞ்சிது. நின்ன ரேட்டு திரும்பி வந்துச்சி. கொஞ்சம் ஏத்தித் தான் வந்துச்சி. ஆனா வந்துச்சி. நாங்க எழுந்து கவுண்டருக்குப் போனோம். மாமாவத் தூக்கி மேல வெச்சோம்.

அதுக்கப்புறம் விலை ஏறலையான்னா, ஏறாம இருக்குமா? வருசா வருசம் ஏறுச்சி. எஸ்டிடி பூத்து மூடியே போச்சி. மாமா அதே எடத்துல அதே ஆளுக்கு ரீசார்ஜ் கார்டு வித்தாரு. அதுல இன்னும் கம்மி. ஒவ்வொரு ஏத்தத்துக்கும் மாமா கிளாஸுல ஊத்துறது கொறைஞ்சிது. நைன்டி போயி சிக்ஸ்டி ஆச்சி. சிக்ஸ்டி போயி தர்ட்டி ஆச்சி. மீதி எல்லாம் தண்ணி. தூரத்துல இருந்து பாத்தா யாரோ மோரு குடிக்கிறாங்கன்னு நெனப்பீங்க. தர்ட்டிய எங்க எல்லாரையும்விட மெதுவா குடிப்பாரு, எங்க எல்லாரையும்விட ஜாஸ்தி திட்டுவாரு.

ஒரு பட்ஜெட்டுக்கு மறு நாளு, சேட்டு புது ரேட்டு சொல்லிட்டு, அவரே பாவப்பட்டு, "அண்ணா, இந்த ரேட்டுக்கு நீ எதுக்கு தினம் வரும்? வாரத்துக்கு ஒரு நாளு வா, நல்லா ஊத்திக் குடி," ன்னாரு.

மாமா கிளாஸத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாரு. "குடிக்கிறத பாதியாக்குவேன் சேட்டு. அதுலயும் பாதியாக்குவேன். வர்றத ஒரு நாளு கூட கொறைக்க மாட்டேன். உன்னால ஆனத பாரு."

"அண்ணா, இன்னும் ஏறுனா கிளாஸுல வெறும் தண்ணி தான்."

"தண்ணிக்கு ரேட்டு கெடையாதுல்ல?"

"கெடையாது."

"அப்ப ஏத்தச் சொல்லு," ன்னாரு மாமா. "அந்தக் கடல தட்ட இப்படி தள்ளு."